ஹைபிரிட் கார் வாங்கக் கடனா? முதலில் பேட்டரியைக் கேளுங்கள்!



நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் சென்னையில் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் டாக்சி ஓட்டுகிறார்கள். சொந்த வண்டி வாங்க வீட்டில் கடன் கேட்கும்போது, "ஹைபிரிட் கார்மா, பெட்ரோல் மிச்சம்" என்கிறார்கள். அது உண்மைதான். ஆனாலும் பேட்டரி பற்றித் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

ஹைபிரிட் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. பிரேக் போடும்போது வீணாகிற சக்தி மின்சாரமாகி பேட்டரியில் ஏறும். அதனால் பாண்டி பஜார் மாதிரி நின்று நின்று போகும் இடத்தில்தான் மிச்சம் அதிகம்.

பேட்டரி எத்தனை நாள் உழைக்கும்?

வண்டியில் 2 பேட்டரி உண்டு. சின்னது, எல்லா காரிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. இதன் விலை குறைவு. பெரியதுதான் செலவு வைப்பது. அதை முழுசாக நிரம்பவும் விடாமல், முழுசாகக் காலியாகவும் விடாமல் வண்டியே பார்த்துக்கொள்வதால் பல வருடம் உழைக்கும். அதற்கு எதிரி சூடும் வெள்ளமும்தான்.

வாரண்டிக் கணக்கு

2021 ஆகஸ்டு முதல் டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு இந்தியாவில் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறது. எது முதலில் வருதோ அதோடு சரி. தினம் 200 கி.மீ. வீதம் மாதம் 25 நாள் ஓடினால் 32 மாதத்தில் வாரண்டி முடிந்துவிடும். 5 வருடக் கடனில் பாதித் தவணைதான் கட்டியிருப்போம்!

அதற்காகப் பயப்பட வேண்டாம். வாரண்டி முடிந்த அன்றே பேட்டரி கெடாது. கிலோமீட்டருக்கு 50 காசு, அதாவது தினம் ரூ.100 தனியாகச் சேமித்தால் அந்த 32 மாதத்தில் ரூ.80,000 கையில் இருக்கும்.

கடனுக்கு முன் கேளுங்கள்:

1. டாக்சிக்கும் வாரண்டி செல்லுமா? எழுத்தில் இருக்கிறதா?
2. பெரிய பேட்டரி மாற்ற இன்றைய விலை என்ன? சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள்.
3. பழைய வண்டி என்றால் பேட்டரி சோதனை ரிப்போர்ட் எங்கே? 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா?

ஓட்டும் பிள்ளைக்கு

பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைப் பையால் மறைக்கக் கூடாது. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் சின்ன பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள்!