காந்தா: கையால் ஓடும் நூல்

வங்காளக் கிராமத்துப் பெண்கள் நைந்துபோன பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் வீணாக்கியதில்லை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் தைத்துப் போர்வையாக்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் காந்தா. தைப்பதற்கு வேண்டிய வண்ண நூலைக்கூட அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். தாமரை, மீன், யானை என்று உருவங்களைத் தைத்தால் அது நக்‌ஷி காந்தா. மேற்கு வங்காளத்தின் நக்‌ஷி காந்தா 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இன்று தையல் இயந்திரம் ஒரு போர்வையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். நுணுக்கமான கைவேலைக்கோ மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் கைத்தையலுக்கு மவுசு குறையவில்லை. காரணம் தையலிலேயே இருக்கிறது. இயந்திரம் மேல்நூல், கீழ்நூல் என இரண்டு நூல்களைக் கோத்து இறுக்குகிறது. தையல் உறுதிதான், ஆனால் நெருக்கமாகத் தைத்தால் துணி விறைத்துவிடும். கைத்தையலில் ஒரே நூல்தான் அடுக்குகளின் ஊடே மேலும் கீழுமாக ஓடுகிறது. அதனால் போர்வை மென்மையாக மடங்கும், உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பில் மெல்லிய அலைச் சுருக்கமும் விழும். அந்தச் சுருக்கம்தான் காந்தாவின் அழகு.

காந்தா வாங்கும்போது தையலைக் கவனித்துப் பாருங்கள். இழைகள் இடைவெளி விட்டு விட்டு, சற்றே ஏற்ற இறக்கமாக ஓடினால் அது கைவேலை. இடைவெளியே இல்லாமல் ஒரே சீராக ஓடினால் இயந்திர வேலை. கைவேலை என்று தெரிந்தால், பேரம் பேசாமல் உழைப்புக்கு உரிய விலையைக் கொடுங்கள்.