தங்கால் மலையும் திறந்த கதவும்

விருதுநகரிலிருந்து தென்காசி மார்க்கமாகச் செல்லும் ரயிலில் சிவகாசிக்கு முந்திய ஸ்டேஷன் திருத்தங்கல். பட்டாசு வாங்க விரையும் பிரயாணிகள் இங்கே இறங்குவதில்லை. 2021-ம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டபோதிலும், இவ்வூர் சரித்திரத்தில் சிவகாசிக்கு மூத்ததாகும்.

ஊரிலுள்ள சிறு குன்றின்மீது நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். பாறையைக் குடைந்து அமைத்த கருவறை பாண்டியர் காலத்தது, ஏறக்குறைய கி.பி. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியிருக்கின்றனர். அதே குன்றில் கருநெல்லிநாதர் என்னும் பெயருடன் சிவபெருமானும் எழுந்தருளியிருக்கிறார். சைவரும் வைணவரும் ஒரே குன்றில் ஏறித் தொழுவது காணத்தக்க காட்சி.

கோயிலினும் பழமையானது ஊரின் பெயர். சங்கப் புலவர்களுள் ஒருவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். சிலப்பதிகாரத்திலோ இவ்வூரைப் பற்றி ஒரு கதையே உண்டு.

சேரனிடம் பரிசில் பெற்று மீண்ட பராசரன் என்னும் அந்தணன் தங்காலில் இளைப்பாறினான். அங்கே வார்த்திகன் என்பவனுடைய சிறுவன் தன்னோடு ஒப்ப வேதம் ஓதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அளித்துச் சென்றான். ஏழை வீட்டில் ஏது பொன் என்று அரசாங்கச் சேவகர்கள் ஐயுற்று, புதையலைக் கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டி, வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை கதறியழுதாள். உடனே கொற்றவை கோயிற் கதவு அடைத்துக்கொண்டது. எவராலும் திறக்க முடியவில்லை. பாண்டியன் காரணத்தை விசாரித்து அறிந்தான். வார்த்திகன் முன் நிலத்தில் வீழ்ந்து பிழை பொறுக்க வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். அப்போது கதவு திறந்த பேரோசை மதுரை வீதியெங்கும் கேட்டதாம்.

வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்தச் சீமையின் பிற்காலச் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது. நாடார் சமூகத்தாருக்குச் சிவகாசிக் கோயிற் கதவு அடைபட்டிருந்தது. அவ்வழக்கு முற்றி 1899-ல் பெருங் கலகம் மூண்டு, உயிர்களும் வீடுகளும் அழிந்தன. கமுதிக் கோயில் வழக்கில் 1908-ல் லண்டன் பிரிவி கௌன்ஸிலும் அவர்களுக்குப் பாதகமாகவே தீர்ப்பளித்தது. நீதிமன்றம் திறவாத கதவைத் தேசிய இயக்கம் திறந்தது. 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை வைத்தியநாதய்யர், ஹரிஜன அன்பர்களையும் ஒரு நாடாரையும் உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துள் பிரவேசித்தார். அவ்வாண்டே சட்டமும் பிறந்தது.

குடைவரையின் வயதும் கல்லின் அழகும் நம் செல்வங்களே. ஆயினும் எளியவன் ஒருவனுக்கு அநீதி நேர்ந்தால் தெய்வமே கதவை அடைத்துக்கொள்ளும் என்று நம் முன்னோர் கருதினார்களே, அக்கருத்து அவற்றினும் அரிய செல்வமன்றோ? அடுத்த தீபாவளிக்குச் சிவகாசி செல்லும் நேயர்கள் ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கிக் குழந்தைகளுடன் இக்குன்றின்மேல் ஏறுவார்களாக. பட்டாசின் ஓசையைக் கேட்குமுன், அந்தக் கதவு திறந்த ஓசையைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லலாம்.