கிரேக்கர் கண்ட தூண்களும் பின்னோர் கொண்ட தூண்களும்

கொழும்பிலே காலிமுகத்தின் அயலில் 1930ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடத்தைச் சுற்றுலாவிற் கண்டு மீண்ட மாணவனொருவன், "முகப்பில் நிரையாக நிற்கும் அத்தூண்கள் எதனைத் தாங்குகின்றன?" என என்னை வினவினான். வினா சிறிது, விடையோ ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளைத் தழுவியது. அத்தூண்களின் குலமுதல் கிரேக்க நாட்டுக் கோயில்களாம். ஆங்குப் பிறந்த தூண்வடிவம் உரோமாபுரிக்கும், பின்னர் ஐரோப்பா முழுவதற்கும், ஐரோப்பியர் ஆட்சியோடு ஏனைய நாடுகளுக்கும் பரவிற்று. வடிவம் சென்றவிடமெல்லாம் அதனைப் பிறப்பித்த விதியும் உடன்சென்றதா என்பதே ஈண்டு நாம் நோக்க விரும்புவது.

கற்றூணுக்கு முன்னோடி மரத்தூண் என்பர். ஒலிம்பியாவிலுள்ள ஹீரா தேவியின் கோயில் ஏறக்குறையக் கி. மு. 600இல் எழுந்தது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே அதனைக் கண்ட பௌசேனியஸ் என்னும் யாத்திரிகர், பின்மண்டபத் தூண்களுள் ஒன்று அப்பொழுதும் ஓக்கு மரத்தாலாயதாய் இருந்ததெனக் குறித்துள்ளார். இன்று எஞ்சிய கற்றூண்களோ பருமனாலும் தலையின் வளைவாலும் ஒன்றையொன்று ஒவ்வாதன. மரத்தூண்கள் பழுதுறுந்தோறும் அவற்றிடத்தே கற்றூண்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன என்றும், அவ்வக்காலத்துச் சிற்பியர் தத்தம் பாணியிலேயே அவற்றைச் செதுக்கினர் என்றும் அறிஞர் கொள்வர்.

கிரேக்கத் தூண்கள் டோறியம், அயோனியம், கொறிந்தியம் என மூவகைப்படும். தூணை மாத்திரமன்றி, அது நிற்கும் தளம், அது தாங்கும் உத்தரம், உத்தரத்தின் மேலுள்ள பட்டி, கூரைவிளிம்பு ஆகிய யாவற்றின் அளவையும் ஒருங்கே வரையறுக்கும் ஒழுங்கே இவற்றுள் ஒவ்வொன்றும். தூணின் தலையை மட்டும் நோக்கி இனங்கூறி அமைவது, எழுவாயை மட்டும் கண்டு வாக்கியத்தை அறிந்தேன் என்பதனை ஒக்கும்.

டோறியத் தூணுக்கு அடிப்பீடம் இல்லை. அது தளத்தின்மீது நேரே எழுந்து நிற்கும். உடலிலே நெடுக்காகச் செதுக்கிய குழிவரிகள் பெரும்பாலும் இருபது. அவை கூரிய விளிம்புகளிற் சந்திக்கும். தலையோ ஒரு வட்டத் திண்டும் அதன்மேல் ஒரு சதுரப் பலகையுமே. உத்தரத்தின் மேலுள்ள பட்டியிலே மூன்று வரிகள் தோன்றச் செதுக்கிய கற்களும், அவற்றிடையே சிற்பத்துக்குரிய பலகைகளும் மாறிமாறி வரும். பழைய மரக்கூரையில் விட்டங்களின் முனைகள் நின்ற இடமே இவ்வரிக்கற்களாயிற்று என்பது, கி. மு. முதலாம் நூற்றாண்டிலே கட்டடக்கலை பற்றிப் பத்து நூல்கள் எழுதிய உரோமரான விற்றூவியஸின் கருத்து.

இவ்வரிக்கற்கள் விளைத்த இடர்ப்பாடு சுவையானது. ஒவ்வொரு தூணின் நடுவுக்கும் நேர்மேலே ஒரு வரிக்கல் இருத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. பட்டியின் மூலையிலே வரிக்கல்லே நின்று முடித்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. மூலைத் தூணில் இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறா. வரிக்கல்லை மூலைக்குத் தள்ளினால் அது தூணின் நடுவை விட்டு விலகும், அதனை அடுத்த பலகையும் ஏனையவற்றினும் அகன்றுவிடும். கிரேக்கச் சிற்பியர் மூலைத் தூணையே சற்று உள்ளே நகர்த்தி இதனைச் சரிக்கட்டினர். இவ்விடர் காரணமாக டோறியம் கோயிலுக்கு ஏலாதெனக் கூறினாரும் உளர். ஹெர்மொஜெனிஸ் என்பார் டோறியக் கோயிலுக்கெனச் சேர்த்த சலவைக்கல்லைக் கொண்டே மனம்மாறி அயோனியக் கோயில் எடுத்தார் என விற்றூவியஸ் கூறுவர்.

கி. மு. 447இல் தொடங்கிய ஏதென்ஸ் நகரத்துப் பார்தனன் கோயில் டோறியத்தின் முடிமணி. இக்தினஸ், கலிக்கிறாற்றிஸ் ஆகிய இருவரும் அதன் சிற்பாசிரியர். புறத்தே 46 தூண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 34 அடி உயரம். நூலிற் கண்ட படங்களைக்கொண்டே இதனை எழுதுகின்றேன். படத்திலே யாவும் நேர்கோடாகத் தோன்றுகின்றன. உண்மையில் ஆங்கு நேர்கோடு காண்பது அரிது. தளம் நடுவில் மேனோக்கி வளைந்துளது. நெடும்பக்கத்தில் அவ்வளைவு நாலு அங்குலத்துக்குச் சற்று மிகும். தூண்கள் நடுவே மெல்லப் பருத்து, உள்நோக்கிச் சற்றே சாய்ந்துள்ளன. மூலைத் தூண்கள் ஏனையவற்றிலும் தடித்தவை. மட்டமான தளம் கண்ணுக்குக் குழிந்ததுபோலத் தோன்றுமாதலால் அதனை உயர்த்துக என விற்றூவியஸ் விதிப்பர்.

அயோனியம் மெல்லியது. அடிப்பீடமும், இடையே பட்டையான விளிம்புகள் கொண்ட 24 குழிவரிகளும், தலையில் இருபுறமும் சுருண்டு தொங்கும் சுருள்களும் அதன் அடையாளங்கள். இச்சுருள்கள் முன்னும் பின்னும் மாத்திரமே முகங் காட்டுவன. ஆதலின் மூலையில் இதற்கும் ஓர் இடர் உண்டு. நாற்புறமும் ஒருபடித்தாய் இலைகள் சூழ்ந்த கொறிந்தியத்துக்கு அவ்விடர் இல்லை. கன்னியொருத்தியின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி அக்காந்தஸ் செடி தழைத்ததைக் கண்டு கலிமாக்கஸ் இதனை அமைத்தார் என்பது கதை. கதையினும் இவ்வசதியே உரோமர் இதனைப் பெரிதும் விரும்பியதற்குக் காரணமாகலாம் என எண்ணுகின்றேன்.

உரோமர் கையிலே தூணின் தொழில் மாறிற்று. கி. பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்திற் பாரத்தைத் தாங்குவன வளைவுகளும் பெருஞ்சுவர்களுமே. சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் கீழ்நிலையில் டோறியத்தின் உறவான தஸ்கானியமாயும், அடுத்து அயோனியமாயும், அதன்மேற் கொறிந்தியமாயும் நிற்கின்றன. இதனைப் பொய்த்தூண் எனப் பழிப்பாருளர். யான் அவ்வாறு கொள்ளேன். அவ்வரைத்தூண்களை நீக்கினால் 150 அடிக்கு மேற்பட்ட அச்சுவரிற் கண் பற்றி ஏறுதற்குப் படியில்லை. தொழில் மாறினும், தடித்தது கீழும் மெலிந்தது மேலுமாக விதி ஒருவாறு காக்கப்பட்டது.

கீழ்த்திசையிலும் இத்தூண் புகுந்தது. தட்சசீலத்தை அடுத்த ஜண்டியால் கோயிலில் அயோனியத் தூண்கள் உள்ளன. காந்தாரச் சிற்பியரோ கொறிந்திய இலைகளின் நடுவே புத்தர்பிரானை அமர்த்தினர். கிரேக்கர் கனவிலுங் காணாத இவ்வமைப்பு, கடன்வாங்கியதன் அடையாளமின்றி இயல்பாகப் பொருந்தியுளது.

ஐரோப்பாவிலே மறுமலர்ச்சிக் காலத்தார் தூணைக் கற்றது விற்றூவியஸின் நூலிலும் உரோமரின் இடிபாடுகளிலுமே. 1562இல் விஞ்ஞோலாவும், 1570இல் பல்லாடியோவும் வெளியிட்ட நூல்கள் தூணின் அளவுகளை வாய்பாடு போலாக்கின. கோயிலுக்குரிய தூண்முகப்பைப் பல்லாடியோ செல்வர் மனைகளுக்கும் அளித்தார். ஏதென்ஸ் அக்காலத்தில் துருக்கியர் ஆட்சியில் இருந்தமையால் அங்குச் சென்று அளந்தார் அரியர். 1751இல் ஸ்டூவர்ட், றெவெற் என்னும் ஆங்கிலேயர் இருவர் அங்கே சென்றனர். அவர்தம் நூலின் முதற்றொகுதி 1762இல் வெளிவந்தது. அதன்பின் கிரேக்கப் பாணி எங்கும் பரவிற்று. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் றொபேட் சிமேர்க் 44 அயோனியத் தூண்களை நிறுத்தினார்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. ஸ்டூவர்ட்டும் றெவெற்றும் பார்தனன் தளத்தின் வளைவைக் கண்டிலர். அதனை நுணுகி அளந்த பென்றோஸின் நூல் 1851இலேதான் வெளிவந்தது. அதற்குள் பல நகரங்களிலே டோறிய முகப்புக்கள் நேர்கோட்டாலே எழுந்துவிட்டன! இவற்றினும் வாஷிங்டனிலே லற்றோப் 1809ஆம் ஆண்டிற் செய்தது எனக்கு உவப்பானது. அக்காந்தஸ் இலைக்குப் பதிலாகத் தம் நாட்டுச் சோளக்கதிரை அவர் தூண்தலையிற் செதுக்குவித்தார்.

பார்தனனைப் புதுக்கும் பணிக்கும் இதனோடு தொடர்புண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே புதுக்கியோர் இரும்புப் பிணைப்புக்களை இட்டனர். கற்களையும் இடமாறி அடுக்கினர். பண்டைக் கிரேக்கர் தம் இரும்பை ஈயத்தாற் பொதிந்திருந்தனர். இவர்கள் பொதியாது விட்டமையால் இரும்பு துருவேறிப் பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தது. 1975இல் நிறுவப்பட்ட குழுவின் மேற்பார்வையில் அவ்விரும்பு அகற்றப்பட்டு, தைத்தேனியம் என்னும் துருவேறா உலோகம் இடப்பட்டு வருகின்றது. கற்களைக் கழற்றி அளந்தபொழுது, வளைவும் சாய்வும் காரணமாக ஒவ்வொரு கல்லும் தனக்குரிய ஓரிடத்தன்றிப் பிறிதோரிடத்திற் செவ்வனே பொருந்தாமை புலனாயிற்று. கொழும்புத் தூண்களைப் பற்றி வினவிய மாணவனுக்கு யான் முதலிற் கூறியது இக்கற்களின் செய்தியையே.