எவ்வளவோ அவ்வளவு

ஒருவரிடம் 300 பணமும் 6 குதிரைகளும் இருக்கின்றன. இன்னொருவரிடம் 10 குதிரைகள். கூடவே 100 பணம் கடன். இருவர் சொத்தும் சமம். எல்லாக் குதிரைக்கும் ஒரே விலை என்றால், ஒரு குதிரை என்ன விலை?

இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய ‘பீஜகணித’த்தில் உள்ள கணக்கு இது. இன்றைய பள்ளி மாணவி, “குதிரையின் விலை எக்ஸ் என்க” என்று தொடங்குவாள். பாஸ்கரர் ‘யா’ என்று எழுதினார். ‘யாவத்தாவத்’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் முதலெழுத்து அது. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். தெரியாத அளவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

பாஸ்கரர் இந்தக் கணக்கை இரண்டு வரிகளாக எழுதினார். மேல் வரியில் யா 6, ரூ 300. கீழ் வரியில் யா 10, ரூ 100. ‘ரூ’ என்பது ரூபம். அதாவது தெரிந்த எண். 100 கடன் என்பதால் அதன் தலையில் ஒரு புள்ளி. சமக்குறி கிடையாது, ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டாலே இரண்டும் சமம் என்று கொள்ள வேண்டும். (சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் இங்கிலாந்தில் அச்சிட்டது 1557-இல்தான்.) இனி வேலை எளிது. 10 யாவில் 6 யா போக 4 யா. 300-உடன் கடன் 100-ஐயும் சேர்த்தால் 400. ஆக, குதிரையின் விலை 100 பணம். விலை தெரியாதபோதே அதைக் கூட்டவும் கழிக்கவும் முடிந்தது, அதற்கு ஒரு பெயர் இருந்ததால்தான்.

தெரியாதவை பலவானால்? நிறங்கள் வந்தன. காலகம் கறுப்பு, நீலகம் நீலம், பீதகம் மஞ்சள், லோகிதம் சிவப்பு. ஏட்டில் கா, நீ, பீ, லோ. 628-இலேயே பிரம்மகுப்தர் தெரியாத அளவுகளை ‘வர்ணம்’ என்றுதான் குறித்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பாஸ்கரரின் ‘ரூ’வுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட எண் நின்றது. தெரிந்த எண்ணுக்கும் எழுத்தை வைத்து, ஒரே வழியில் ஓராயிரம் கணக்குகளைத் தீர்க்கும் முறையை 1591-இல் பிரான்சின் வியேத்து வகுத்தார். தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து. அது மிகப் பெரிய பாய்ச்சல். எக்ஸ், ஒய், இசட் என்ற வழக்கம் 1637-இல் தெக்கார்த்தின் நூலிலிருந்து வந்தது.

எக்ஸைக் கண்டு மிரளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் சொல்லாமல் கரும்பலகையில் வந்து நிற்கும் எழுத்து அது. கணித ஆசிரியர்களே, இயற்கணிதத்தின் முதல் வகுப்பில் அந்தக் குதிரைக் கணக்கைப் போடுங்கள். முதலில் ‘யா’ என்று எழுதிக் காட்டுங்கள். எக்ஸ் அதற்கு அடுத்த வகுப்பில் வரட்டும்.