ஒரு வாட், 15 மீட்டர்

அமெரிக்காவில் ஹாம் வானொலியில் பேசத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமமே இல்லாமல் வீட்டில் டிரான்ஸ்மிட்டர் செய்து அலைபரப்பவும் அங்கே வழி உண்டு. எஃப்.சி.சி. எனும் தகவல்தொடர்பு ஆணைய விதிகளின் 15-ஆம் பகுதி அதற்கு இடம் தருகிறது. விற்பனைக்கு இல்லாமல், கிட் வாங்கிப் பொருத்தாமல், சொந்த உபயோகத்துக்கென ஐந்து கருவிகள் வரை செய்துகொள்ளலாம். பிறருக்கு இடைஞ்சல் தரக்கூடாது; பிறரால் வரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சலுகை அந்த நாட்டோடு சரி. இங்கே அப்படியே செய்து பார்க்க முடியாது.

மத்திய அலையில் 100 மில்லிவாட்டும் 3 மீட்டர் ஆன்டெனாவும் உச்சவரம்பு. என்னை ஈர்ப்பது அதற்குக் கீழே, 160 முதல் 190 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள நெட்டலைப் பகுதி. ஆர்வலர்கள் அதை 'லோஃபர்' என்கிறார்கள். டிரான்ஸ்மிட்டரின் இறுதிக் கட்டத்துக்குச் செல்லும் மின்திறன் ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனா, அதற்குப் போகும் கம்பி, தரையிணைப்புக் கம்பி எல்லாம் சேர்த்து 15 மீட்டர்தான். நல்ல விதி என்றே சொல்வேன். காற்றிலுள்ள அலையின் வலிமையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். மின்திறன், கம்பி நீளம் ஆகிய இரண்டையுமோ மல்டிமீட்டரும் டேப்பும் வைத்தே அளந்துவிடலாம். சாதாரண மனிதர் தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சட்டம் இது.

ஆனால் இந்த நெட்டலைப் பகுதியில் அலைநீளம் சுமார் 1,700 மீட்டர். கால் அலை ஆன்டெனாவுக்கே 400 மீட்டருக்கு மேல் வேண்டும். 15 மீட்டர் கம்பியில் அந்த ஒரு வாட்டின் பெரும்பகுதி ஆன்டெனாவை இசைவிக்கும் சுருளிலும் மண்ணிலும் வெப்பமாகப் போய்விடும்; வானில் ஏறுவது ஆயிரத்தில் சில பங்கு. அதனால்தான் பெரிய பிளாஸ்டிக் வாளியின்மேல் சுருள் சுற்றுகிறார்கள், மண்ணுக்கடியில் கம்பிகளைப் பரப்புகிறார்கள். மழையில் மண் நனைந்தால் சுருளை மறுபடி இசைவிக்க வேண்டும்.

மீதியைப் பொறுமை ஈடுசெய்கிறது. மோர்ஸ் புள்ளி ஒன்றை 60 விநாடி நீட்டி அனுப்புவார்கள். 'ஏ' என்ற ஒரே எழுத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவ்வளவு மெதுவான குறியீட்டுக்கு மிகக் குறுகிய அலைப்பட்டை போதும். பட்டை குறுகக் குறுக உள்ளே வரும் இரைச்சலும் குறையும். காதுக்கு எட்டாத சமிக்ஞை கணினித் திரையில் கோடாகத் தெரியும். மின்னல் இரைச்சல் தணியும் குளிர்கால இரவுகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இப்படிப் பிடித்திருக்கிறார்கள்.

கேட்கும் பக்கத்து ஆன்டெனாவுக்கு இந்த 15 மீட்டர் வரம்பு கிடையாது. இடமுள்ளவர் எவ்வளவு நீளமாகவும் கட்டிக்கொள்ளலாம். புதியவர்கள் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.