உங்களுக்குத் தெரியுமா? நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

யூனிக்ஸ் கணினியில், கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ என்னும் கட்டளையோடு * என்ற நட்சத்திரக் குறியை ஒருவர் தட்டச்சு செய்தால், அந்த நட்சத்திரம் ‘ஆர்எம்’மின் திருஷ்டியில் படுவதே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம் விளைவிக்கும். பயனருக்கும் நிரல்களுக்கும் மத்தியஸ்தனாக நிற்கும் ‘ஷெல்’ என்பதே, அக்குறிக்குப் பொருந்தும் பெயர்களைக் கோப்பகத்தில் தேடி, வரிசைப்படுத்தி, அப்பட்டியலை ‘ஆர்எம்’மிடம் ஒப்படைத்து, அதன் பின்னரே அதனை இயக்குகிறது. புள்ளியில் தொடங்கும் மறைவான பெயர்களை ஷெல் சாதாரணமாகத் தொடுவதில்லை.

1971-இல் வெளிவந்த யூனிக்ஸின் முதற்பதிப்பில் இக்காரியத்தை ‘குளோப்’ என்ற தனி நிரல் செய்துவந்தது. 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல் அதனைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. எம்எஸ்-டாஸ் என்னும் இயங்குதளத்திலோ இப்பாரம் அந்தந்த நிரலின் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது.

ஷெல்லின் இம்முறையால் ஒரு விசித்திரமும் நேர்வதுண்டு: கோப்பகத்தில் ‘-ஆர்’ என்று சிறுகோடும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் கொண்ட பெயருடைய கோப்பு இருந்தால், ‘ஆர்எம்’ அதனைக் கோப்பாகக் கருதாமல், உட்கோப்பகங்களையும் சேர்த்து அழிக்குமாறு இட்ட ஆணையாகவே கொண்டுவிடக்கூடும். நட்சத்திரத்துக்கு முன் இரட்டைச் சிறுகோடு (--) இடுவதே இதற்குப் பரிகாரம்.