வெளிநாட்டு வீட்டு வேலை: சட்டம் ஏன் மாற வேண்டும்?



போன மாதம் ஒகேனக்கல் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேசும் நேரம். 27 வயது உறுப்பினர் ஒருவர் அறுபதாயிரம் கடன் வேண்டும் என்றார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். "குவைத்துக்குப் போறேங்கக்கா. வீட்டு வேலை. ஏஜென்ட்டு எல்லாம் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். பரிசல் நின்றால் ஓட்டுகிற கணவருக்கும் வேலை இல்லை, கடையில் மீன் வறுக்கிற இவருக்கும் வேலை இல்லை. அதனால் அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. என்ன விசா என்று கேட்டேன். "முதல்ல சுத்திப் பாக்குற விசாவுல துபாய் போகணுமாம். அங்கிருந்து மாத்திக்குவாங்களாம்" என்றார். எதுவரை படித்திருக்கிறீர்கள் என்றேன். எட்டாவது.

27 வயது, எட்டாவது, சுற்றுலா விசா. இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று சம்பந்தப்பட்டவை. எப்படி என்று சொல்கிறேன்.

நம் நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாவது பாஸ் செய்யாதவர் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று போடுவார்கள். அப்படிப்பட்டவர் குவைத், சவூதி, ஓமன், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதுவும் பெண் என்றால் 30 வயது முடிந்திருக்க வேண்டும். 2016 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு வந்தது. இந்தப் பெண்களை (நர்ஸ் வேலை தவிர) அரசு நிறுவனம் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று. தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய, சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

கேட்பதற்கு நல்ல பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் நடப்பது என்ன? 27 வயதுப் பெண்ணுக்கு முன்வாசல் சாத்தியிருக்கிறது. வீட்டுக் கஷ்டம் 30 வயது வரை காத்திருக்குமா? ஏஜென்ட் பின்வாசலைக் காட்டுகிறார். சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அரசின் 'இ-மைக்ரேட்' கணினியில் பதிவு இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லை. அனுமதி பெற்றுப் போகிறவர் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் தரும் இன்சூரன்ஸ் உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. காப்பாற்ற வந்த சட்டமே காப்பு இல்லாத வழியில் தள்ளிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தாவது பாஸ் செய்த 22 வயதுப் பெண்ணை இந்தச் சட்டப்படி யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் எஜமானியம்மா பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால் பத்தாவது சர்டிபிகேட் என்ன செய்யும்?

தண்டனையைப் பாருங்கள். சட்டத்தை மீறி ஆள் அனுப்புகிறவருக்கு 2 வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். நம்மிடம் வாங்குகிற பணத்தில் அந்த 2,000 அவருக்கு டீச்செலவு. அதே பிரிவில் அனுமதி இல்லாமல் போகிற தொழிலாளியும் குற்றவாளிதான். அதனால்தான் அடிபட்டு வந்த பெண்கூட போலீஸில் சொல்லப் பயப்படுகிறார். சட்டத்துக்குப் பதிவு பெற்ற ஏஜென்ட்டைத்தான் தெரியும். நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவருக்குப் பதிவும் இல்லை, ரசீதும் இல்லை.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1965 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நிறையப் பேரைக் கங்காணிகள் கூட்டிப் போனார்கள். முன்பணம் கொடுத்து, அந்தக் கடனிலேயே ஆளைக் கட்டிப்போட்டார்கள். 1938-ல்தான் மலேயாவுக்கு ஆள் பிடிப்பதை அரசு நிறுத்தியது. இன்றைய ஏஜென்ட்டைப் பார்த்தால் எனக்குக் கங்காணி ஞாபகம்தான் வருகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு அக்கா, "பேசாம பொம்பளைங்க யாரும் போகக்கூடாதுன்னு தடை போட்டுட்டா என்ன?" என்றார். 2015-ல் ரியாத்தில் வீட்டு வேலைக்குப் போய்க் கை இழந்து திரும்பிய வேலூர் மாவட்டத்துப் பெண்ணின் படத்தைப் பார்த்தவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் 30 வயதை எப்போதோ தாண்டியவர். வயசு வரம்பு அவரைக் காப்பாற்றவில்லை. நேபாளத்தில் 2017-ல் வளைகுடா வீட்டு வேலைக்குத் தடை போட்டார்கள். பெண்கள் டெல்லி வழியாகப் போனார்கள், அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸ் வேறு மாதிரி செய்தது. 1995-ல் சிங்கப்பூரில் அந்நாட்டு வீட்டு வேலைப் பெண் ஒருவர் தூக்கிலிடப்பட்டபோது ஜனங்கள் கொதித்தார்கள். அந்த வருடமே வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2006-ல் வீட்டு வேலைக்கு மாதம் 400 டாலருக்குக் குறைந்து ஆள் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்ணைத் தடுப்பதை விட்டு, எஜமானரிடம் நிபந்தனை போட்டார்கள்.

நம் வெளியுறவு அமைச்சகமும் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2019, 2021, 2025 என மூன்று முறை வரைவு மசோதா வெளியிட்டது. மக்கள் கருத்தும் கேட்டார்கள். 2021 வரைவில் தொழிலாளிக்கே அபராதம் என்று இருந்ததைத் தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன. நம் குழுக்களுக்கு இது ஒன்றுகூடத் தெரியவில்லை. தமிழில் யாரும் கொண்டுவந்து படித்துக் காட்டவில்லை. எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட ஒரு மனு எழுதியிருக்கிறோம். வயசு வரம்பை எடுக்க வேண்டும். போகிற பெண்ணைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. ஊருக்குள் வரும் இடைத்தரகரையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சென்னைக்கு அலையாமல் தர்மபுரியிலேயே இதற்கு ஓர் அலுவலர் வேண்டும். உங்கள் குழுவில் பேசி, விட்டுப்போனதைச் சேர்த்து அனுப்புங்கள்.

அதுவரை, யாராவது வெளிநாட்டுக்கென்று கடன் கேட்டால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அவர் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதோடு. சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அந்த உறுப்பினருக்குக் குழு இன்னும் கடன் கொடுக்கவில்லை. கோபமாகத்தான் இருக்கிறார். பிரதிநிதியும் ஊக்குநரும் அவரோடு பென்னாகரம் போய், ஏஜென்ட் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பி வாங்கி வந்தார்கள். அது இப்போது அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.